கவிழ்த்து வைத்த குடம்

நித்தியானந்தன் படம் வரையப் போனதற்குக் காரணம் தவமணிதான். பிற்பாடு அவள் இதை எத்தனை பேரிடம் மறுத்தாலும் உண்மை அதுதான்.

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் ஊரில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் வேலை செய்துவிட்டு மனுசன் ஓய்வு பெற்றார். முதல் மூன்று கிழமை நித்திரை கொண்டார். நாலாவது கிழமை எழும்பி, குசினியில் இருந்த மிளகாய்த்தூள் போத்தல் முதல் சீனி டின் வரை எல்லாவற்றையும் உயரப்படி அடுக்கினார். தவமணிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. காலை முறை முடிந்து களைத்து வந்தவள், கைக்குப் பழகிய இடத்தில் கையை விட்டுச் சீனி என்று உப்பை அள்ளிப் போட்டுத் தேத்தண்ணியை ஒரே இழுவையில் குடித்தாள். அன்றைக்கே மாலைப் பள்ளியின் வகுப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தாள். மூத்தோருக்கு நீச்சல்: இடமில்லை. தேனீ வளர்ப்பு: இடம் இருந்தது, ஆனால் தேனீ வீட்டுக்கு வரும். ஓவியம்: ஒரே ஒரு இடம்.

"செவ்வாய்க்கிழமையிலை ரெண்டு மணித்தியாலம் நீங்கள் வீட்டிலை நிக்க மாட்டியள். எனக்கு அது காணும்" என்றாள்.

இரண்டு மணித்தியாலம் வகுப்புக்குப் போய்விட்டு, கிழமையில் மிச்சமுள்ள நூற்று அறுபத்தாறு மணித்தியாலமும் மனுசன் வீட்டிலேயே இருந்து வரைவார் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

வகுப்பு நடத்திய பெண்ணின் பெயர் கியர்ஸ்டன். அவள் முதல் நாளே மூன்று சட்டம் சொன்னாள். ஒன்று, வரைவதற்குப் பொருள் தேடி மலைக்கும் கடலுக்கும் போக வேண்டாம், வீட்டுக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது. இரண்டு, வரையத் தொடங்கிய பொருளை வரைந்து முடியும்வரை அசைக்கக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம். தெரிந்ததை வரையாதே, கண்ணில் படுவதை மட்டும் வரை. இது கோப்பை, இது கதிரை என்று பெயரை நினைத்தால் கை பொய் சொல்லும். பொருளின் பெயரை மறந்துவிடு. கோட்டை மட்டும் பார். இந்தப் பழக்கம் வருவதற்காக அவள் பொருட்களைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து வரையச் சொல்வாள்.

மற்ற மாணவர்களுக்கு இந்த மூன்றாவது சட்டம் வசப்பட ஆறு மாதம் எடுத்தது. நித்தியானந்தனுக்கு ஆறு நிமிடமும் எடுக்கவில்லை. தொழிற்சாலையில் அவருடைய வேலை தரம் பார்ப்பது. ஓடும் பட்டியில் வருகிற மூடியில் கீறல் இருக்கிறதா, சொட்டை இருக்கிறதா என்று முப்பத்தொரு வருடம் பார்த்த கண். அந்த மூடி எந்தப் போத்தலுக்குப் போகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. உலகத்தில் எந்தப் பொருளைக் காட்டினாலும் அவருக்குப் பொருள் தெரியாது, கீறல் தெரியும்.

ஆகவே அவர் வரைந்தவை பயங்கரமாக இருந்தன. சொட்டுகிற குசினிக் குழாயை வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். பக்கத்து வீட்டுப் பிரேபென் கோப்பிக்கு வந்தவன் அதை ஒரு கணம் பார்த்தான், வீட்டுக்குப் போய் ஸ்பானரோடு திரும்பி வந்தான். மாம்பழத்தின் மேல் இருந்த ஈயைத் தவமணி பேப்பரைச் சுருட்டி இரண்டு அடி அடித்தாள். ஈ பறக்கவில்லை. படம்தான் நசிந்தது. நித்தியானந்தன் கோபிக்கவில்லை. அந்த இடத்தில் செத்த ஈயை வரைந்துவிட்டார்.

இரண்டாவது சட்டம்தான் தவமணியைக் கொன்றது. தொட்டிக்குள் கிடந்த ஊத்தைக் கோப்பைகளை வரைகிறேன் என்று மனுசன் குந்தினார். ஒன்பது நாள். ஒன்பது நாளும் அவள் காகிதத் தட்டில் சாப்பிட்டாள். வெங்காயம் ஒன்றை வரையத் தொடங்கினார். வரைந்து முடியுமுன் அது முளைத்துவிட்டது. அழித்து முளையோடு வரைந்தார். முளை வளர்ந்தது. மேலே ஒரு தாள் ஒட்டி வரைந்தார். கடைசியில் வெங்காயம் ஏழு தாளுக்குப் போய், குசினி மின்விளக்கைத் தொட்டபிறகுதான் ஓய்ந்தது.

"இஞ்சருங்கோ, இந்த வெங்காயம் கறிக்கு எண்டு வாங்கினது."

"கறிக்கு வேறை வாங்கு தவம். இது இப்ப எனக்குத் தெரிஞ்ச ஆள்."

இதற்குப் பிறகு அவள் அவருடைய படங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அவள் வேலைக்குப் போனபிறகு அவர் அலுமாரி அலுமாரியாகத் திறந்து ஒவ்வொரு சாமானாக எடுத்து வரைந்தார். அவள் வருமுன் எடுத்த இடத்தில் வைத்தார். என்ன வரைந்தார் என்று அவள் கேட்கவில்லை. ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹேர்னிங்கில் இருக்கிற சிநேகிதி பரமேஸ்வரி போன் எடுத்தாள்.

"என்ன தவமணி, உங்கடை வீடு முழுக்க நாளைக்கு லைப்ரரியிலை தொங்குதாம்?"

"என்ன கதைக்கிறாய்?"

"வைபரிலை வந்து கிடக்கு. அண்ணை யூலாந்துப் பக்கத்துத் தமிழ்ச் சனம் முழுக்கக் கூப்பிட்டிருக்கிறார். முப்பத்திரண்டு படமாம். 'எங்கள் வீடு' எண்டு பேராம். நாங்கள் பதினொரு மணிக்கு நிப்பம்."

அந்த வைபர் குழுமத்தில் இருநூற்றுப் பதினாலு பேர். அதில் பிரெடெரிசியா ஊர்ப் பஸ்தியாம்பிள்ளையும் ஒருவர். பஸ்தியாம்பிள்ளை வந்தால் அவர் மனைவி றீற்றம்மாவும் வருவாள்.

றீற்றம்மாவுக்கும் தவமணிக்கும் பதினாலு வருடமாகப் பேச்சில்லை. அதற்குமுன் அவர்கள் இரண்டு பேரும் ஒரு நாளைக்கு இரண்டு தரம் போனில் கதைக்காவிட்டால் டென்மார்க்கில் மழை பெய்யாது என்கிற அளவுக்குச் சிநேகிதிகள். கெட்டது ஒரு குடத்தால்.

தவமணியின் மகள் நிரோஜினி பெரியபிள்ளையானபோது சாமத்தியவீடு வைத்தார்கள். மண்டபத்து வாசலில் நிறைகுடம் வைக்க வேண்டுமே. தவமணி ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்த பித்தளைக் குடத்தை வைத்தாள். அது சும்மா குடம் இல்லை. டென்மார்க்குக்கு வருகிற வழியில் மாஸ்கோ விமான நிலையத்தில் மூன்று அதிகாரிகள் சேர்ந்து தட்டிப் பார்த்து, காது வைத்துக் கேட்டு, கடைசியில் மணியென்று முடிவு பண்ணி அனுப்பிய குடம். சாமத்தியவீட்டுக்கு எட்டு வீட்டுப் பாத்திரங்கள் வந்திருந்தன. தாம்பாளம் ஒரு வீடு, குத்துவிளக்கு ஒரு வீடு, கிடாரம் ஒரு வீடு. எல்லாவற்றிலும் அடியிலோ கழுத்திலோ சொந்தக்காரரின் பெயர் வெட்டியிருக்கும். இரவல் போன பாத்திரம் வழி தவறாமல் வீடு திரும்பட்டும் என்று ஊரில் செய்கிற ஏற்பாடு. ஆனால் விழா முடிந்து கால் உளைகிற நேரத்தில் எந்தப் பெண் பாத்திரத்தைத் திருப்பிப் பெயர் வாசிக்கிறாள்? மினுங்குவதைப் பார்த்துப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போவதுதான்.

அடுத்தநாள் குடத்தைக் காணவில்லை. முதல்நாள் பாத்திரம் கழுவியது றீற்றம்மா. கடைசியாகக் காரை எடுத்ததும் அவள்தான். தவமணி மூன்று பேருக்குப் போன் எடுத்துச் சொன்னாள்: "றீற்றம்மாவின்ரை காருக்குள்ளை போனதை நான் என்ரை கண்ணாலை கண்டனான்."

அவள் காணவில்லை. அவள் கண்டது கார் போனதை. கோபத்தில் வந்த அந்த ஒரு வசனம், மூன்று போனிலிருந்து முப்பது போனுக்குப் போய், பிறகு திருப்பி எடுக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது. பதினாலு வருடத்தில் றீற்றம்மா எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அவள் கைப்பையை யாரோ ஒருத்தி ஒருகணம் பார்ப்பாள். தவமணி அதைப் பல தடவை பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, குடத்தை உண்மையிலேயே றீற்றம்மாதான் எடுத்தாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். சொல்லச் சொல்ல நம்பிக்கையும் வந்துவிட்டது. அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருடம் நித்திரை கொண்டாள்.

போனை வைத்துவிட்டு அவள் அறைக்குள் போனாள். நித்தியானந்தன் ஒரு செருப்பை வரைந்துகொண்டிருந்தார்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்? வீட்டுக்குள்ளை கிடக்கிறதை ஊருக்குக் காட்டுறதோ?"

"வீட்டுச் சாமான்தானே தவம். அதிலை ஒளிக்க என்ன கிடக்கு?"

அந்தக் கேள்விக்கு மறுநாள் பதினொரு மணிக்குப் பதில் கிடைத்தது.

நூலகத்தின் பின்பக்க அறையில் நாலு சுவரிலும் படங்கள். ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். தவமணி நல்ல பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு உள்ளே போனாள். மகள் நிரோஜினி ஓர்ஹுஸிலிருந்து வந்து வாசலில் நின்றாள். தாயைக் கண்டதும் டேனிஷில், "அம்மா, ஐந்தாம் படத்தைப் பார்க்காதே" என்றாள்.

தவமணி நேரே ஐந்தாம் படத்துக்குத்தான் போனாள். அது வெப்பக் குழாயில் காயப்போட்ட உடுப்பு. அவளுடைய உட்பாவாடை, ஓட்டையோடு. ஓட்டையை மனுசன் அத்தனை பக்தியோடு வரைந்திருந்தார், அந்த வழியாகப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. ஆறாம் படம் குளிர்ப்பெட்டியின் உட்புறம். ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் மீன்கறி, மாஜரீன் டப்பாவுக்குள் இன்னொரு மீன்கறி, ஜாம் போத்தலுக்குள் எதுவென்று யாருக்கும் தெரியாத ஒன்று. ஏழாம் படம் ஒன்பது நாள் ஊத்தைக் கோப்பை. ஒரு டேனிஷ் கிழவி அதன் முன்னால் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

தவமணிக்கு வீட்டைத் தோலுரித்துக் கொடியில் போட்டதுபோல இருந்தது. இதைவிட மோசமாக இனி ஒன்றும் இராது என்று நினைத்துக்கொண்டு ஒன்பதாம் படத்துக்குத் திரும்பினாள்.

ஒன்பதாம் படத்தில் ஒரு தாம்பாளம். சுவாமித்தட்டு மேசையில் வருடக்கணக்காக இருக்கிற அவளுடைய தாம்பாளம். அதன் விளிம்பில் நித்தியானந்தன் ஒவ்வொரு கீறலாக, ஒவ்வொரு புள்ளியாக எடுத்திருந்தார். அந்தக் கீறல்கள் எழுத்துகளாக இருந்தன. 'க. பரமேஸ்வரி.'

தவமணி கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். எழுத்து மாறவில்லை. பத்தாம் படம், குத்துவிளக்கு. அடியில் ஸ்கேர்ன் ஊர் மனோன்மணியின் பெயர். பன்னிரண்டாவதில் கரண்டி, அதில் வேறொருத்தி. அவளுடைய வீட்டில் அவள் தினமும் துடைத்து, விளக்கேற்றி, கறி கிண்டிய சாமான்களில் ஆறு சாமானுக்கு ஆறு சொந்தக்காரிகள். ஒன்றுகூட அவளுடையதில்லை. பதினாலு வருடமாக றீற்றம்மாவைக் கள்ளி என்று சொன்ன வாய்க்குள் நாக்கு ஒட்டிப்போய்விட்டது.

"இஞ்சருங்கோ!" என்று கணவரைப் பிடித்து இழுத்தாள். "இதுகளிலை பேர் கிடக்கு!"

"எதிலை?"

"சாமான்களிலை! நீங்களே கீறியிருக்கிறியள்!"

நித்தியானந்தன் கிட்டப் போய்ப் பார்த்தார். உண்மையிலேயே அதிர்ந்துபோனார். "அட, ஓம். எழுத்துத்தான். நான் கீறல் எண்டு நினைச்சன்."

"வாசிக்கேல்லையோ?"

"வாசிக்கக் கூடாதெண்டு சட்டம் தவம்."

அப்போதுதான் வாசலில் பஸ்தியாம்பிள்ளையின் தொப்பி தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் றீற்றம்மா. நரைத்திருந்தாள். கைப்பையை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அப்படிப் பிடிக்க அவளுக்குப் பதினாலு வருடப் பழக்கம்.

தவமணி அவசரமாக மிச்சப் படங்களை ஓடிப் பார்த்தாள். முதலில் பார்க்காமல் விட்ட பதினோராம் படத்தில் கண் நின்றது. குளியலறைக் கண்ணாடித் தட்டில் இருக்கிற மூக்குப்பேணி. அந்தச் சின்னச் செம்புக்குள் நித்தியானந்தன் இரவில் தன்னுடைய பொய்ப்பல்லைப் போட்டு வைப்பார். படத்திலும் பல் இருந்தது. பல் சிரித்தது. பேணியின் வயிற்றில் வளைவாக, ஒரு எழுத்தும் பிசகாமல், 'ஞா. றீற்றம்மா.'

தவமணி செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தாள். திரும்பி, அந்தப் படத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

றீற்றம்மா முதலாம் படத்திலிருந்து தொடங்கவில்லை. எதிர்ப்பக்கச் சுவரிலிருந்து, ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நிதானமாக நின்று நின்று வந்தாள். பன்னிரண்டைப் பார்த்தாள். பிறகு பதினொன்றுக்கு வந்தாள். அங்கே படம் இல்லை, தவமணிதான் நின்றாள்.

பதினாலு வருடத்துக்குப் பிறகு றீற்றம்மா அவளிடம் பேசிய முதல் சொல், "தள்ளு."

"இது... இது இன்னும் முடியேல்லை. சும்மா கொழுவியிருக்கு."

"தள்ளு தவமணி."

தவமணி தள்ளினாள். றீற்றம்மா படத்தைப் பார்த்தாள். வாசித்தாள். பல்லைப் பார்த்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"இது என்ரை மாமி கலியாணத்துக்குத் தந்த பேணி. உன்ரை பிள்ளையின்ரை தலையிலை பால் அறுகு வைக்க எண்டு கொண்டந்தது."

"எனக்குத் தெரியாது றீற்றா. சத்தியமாய்..."

"இதுக்குள்ளை இருக்கிறது ஆற்றை பல்லு?"

நித்தியானந்தன் பின்னாலிருந்து, "என்ரை. மேல் வரிசை மட்டும்" என்றார்.

"காணேல்லையெண்டு நீ கேட்டிருக்கலாமே?" என்று தவமணி மெல்லச் சொன்னாள்.

"குடம் எடுத்தனான் எண்டு சொன்ன வீட்டுக்கு வந்து, என்ரை பேணி எங்கையெண்டு கேக்கிறதோ? கேட்டா ரெண்டாவது கதை கட்டியிருப்பாய்." றீற்றம்மா குரலை உயர்த்தவில்லை. அதுதான் தவமணியை உலுக்கியது. அவள் கத்தியிருந்தால் கத்திச் சமாளித்திருக்கலாம்.

அந்த நேரத்தில் பஸ்தியாம்பிள்ளை வாசல் பக்கமிருந்து கூப்பிட்டார். அவர் மனைவிக்குப் பின்னால் போகாமல் முறையாக முதலாம் படத்திலிருந்து தொடங்கி, முதலாம் படத்திலேயே நின்றுவிட்டார். கழுத்துப் பிடிப்பு. தலையைச் சாய்க்க முடியாமல், போனில் அந்தப் படத்தைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"றீற்றா, இஞ்சை ஒருக்கா வாரும். தங்கச்சி, நீங்களும் வாங்கோ."

முதலாம் படம் வகுப்பின் முதல் நாள் வரைந்தது. கியர்ஸ்டனின் மேசையில் கவிழ்த்து வைத்த ஒரு குடம். பக்கத்தில் பிளாஸ்டிக் தாமரை ஒன்று. குடத்தின் கழுத்தைச் சுற்றிக் கீறல்கள், எல்லாம் தலைகீழாக. பஸ்தியாம்பிள்ளையின் போனில் அவை நேராக நின்றன. 'வே. தவமணி.'

அவளுடைய குடம். மாஸ்கோவில் மணியாகிய குடம். மூன்று வருடமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் அவளுடைய சொந்தக் கணவர் அதற்கு எதிரில் குந்தியிருந்திருக்கிறார்.

கியர்ஸ்டனைப் பிடித்துக் கேட்டார்கள். அவள் சந்தோஷமாக விளக்கினாள். பழைய சாமான் கடையில் வாங்கினாள். பதின்மூன்று, பதினாலு வருடம் இருக்கும். ஒரு அட்டைப்பெட்டி முழுக்கப் பிளாஸ்டிக் பூ. பூவுக்காகத்தான் எடுத்தாள். வீட்டில் போய்க் கொட்டினால் அடியில் இந்தக் குடம். அதிர்ஷ்டம் என்று நினைத்தாள்.

அறையில் கிசுகிசுப்புக் கிளம்பியது. ஹேர்னிங் பரமேஸ்வரி, தன் பெயர் வெட்டிய தாம்பாளத்தை ஒன்பதாம் படத்தில் அப்போதுதான் கண்டு திகைத்து வந்தவள், இருந்தாலும் பழக்கத்தை விடாமல் பக்கத்தில் நின்றவளின் காதுக்குள் சொன்னாள். அவளுடைய கிசுகிசு எப்போதும் கடைசி வரிசைக்குக் கேட்கும். "அப்ப பாத்தியே, எடுத்துக்கொண்டு போய் ஆரும் கண்டுபிடிக்காமக் கடைக்குக் குடுத்திட்டா."

றீற்றம்மா அதைக் கேட்டாள். கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

தவமணி படத்திலிருந்த தாமரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு இதழ். இடது பக்கத்து இதழின் நுனி கருகியிருந்தது. நித்தியானந்தன் கருகலை விடுவாரா? சாமத்தியவீட்டன்று விளக்கில் பட்டுக் கருகிய இதழ் அது. அவளே ஊதி அணைத்தாள். விழா முடிந்து, வாசல் சோடனையை நிறைகுடத்தோடு சேர்த்து அள்ளி அட்டைப்பெட்டிக்குள் அமுக்கியதும் அவள்தான். அடுத்த கிழமை கராஜில் இடம் இல்லையென்று, பெட்டியைத் திறந்து மேலால் பார்த்துவிட்டு, 'பிளாஸ்டிக் பூ, குடுக்கிறது' என்று பேனையால் எழுதியதும் அவள்தான். அந்தப் பேனையின் நிறம்கூட இப்போது ஞாபகம் வந்தது. பச்சை.

இது இந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்காமல் நின்றால் போதும். பரமேஸ்வரியின் கதை இன்றைக்குப் பின்னேரத்துக்குள் நாட்டின் அடுத்த கரையில் இருக்கிற அல்பர்ட்ஸ்லுண்ட் வரை போய்விடும். இவ்வளவு நாளும் றீற்றம்மா குடம் எடுத்தவள் மட்டும்தான். இனிமேல் எடுத்ததை மறைத்தவளும் ஆகிவிடுவாள். தவமணி நிம்மதியாக வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ளலாம், இத்தனை வருடம் கொண்டதுபோல.

நித்தியானந்தன் பக்கத்தில் வந்து படத்தை உற்றுப் பார்த்தார். "இந்த இதழிலை கருகல் வடிவாய் வந்திருக்கு, என்ன?" என்றார்.

"குடத்தை நான்தான் குடுத்தனான்" என்றாள் தவமணி.

சத்தமாக வந்துவிட்டது. அறை முழுக்கத் திரும்பியது. டேனிஷ்காரர்கள்கூடத் திரும்பினார்கள். அவளுக்கே அது யாருடைய குரல் என்று ஒருகணம் பிடிபடவில்லை.

"பூப்பெட்டிக்குள்ளை நான்தான் வைச்சனான். பெட்டியிலை எழுதினதும் நான். அது மறந்துபோச்சு. ஆனா மற்றது மறக்கேல்லை. றீற்றம்மாவின்ரை காருக்குள்ளை குடம் போனதைக் கண்டனெண்டு சொன்னது பொய். நான் காணேல்லை. பரமேசு, உனக்குத்தான் முதல் சொன்னனான். நீயே இதையும் எல்லாருக்கும் சொல்லு."

பரமேஸ்வரியின் வாய் திறந்தபடி நின்றது. அவளைத் தெரிந்தவர்கள் அந்த வாய் திறந்திருந்தும் சத்தம் வராமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

நித்தியானந்தன் தலையை ஆட்டினார். "ஓம், அந்தப் பெட்டி. நான்தான் காரிலை கொண்டு போய்க் குடுத்தனான். பிளாஸ்டிக் பூவுக்கு உவ்வளவு பாரமோ எண்டு அண்டைக்கே யோசிச்சனான்."

"யோசிச்சுப்போட்டு?" என்றாள் தவமணி.

"குடுத்திட்டன்."

எல்லாரும் றீற்றம்மாவைப் பார்த்தார்கள். அவள் அழுவாள் என்று சிலர் நினைத்தார்கள், அடிப்பாள் என்று சிலர். அவள் கைப்பையைக் கழற்றிப் பக்கத்துக் கதிரையில் வைத்தாள். திறந்தபடி வைத்தாள். வைத்துவிட்டு, வெறுங்கையோடு தவமணிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பதினாலு வருசம்" என்றாள்.

"ஓம்."

"என்ரை பேணிக்குள்ளை இந்தாளின்ரை பல்லு."

"ஓம்."

"கழுவித் தருவாய்."

"புளி போட்டு விளக்கித் தருவன்."

"மூண்டு தரம் விளக்கு. மன்னிக்கிறதோ இல்லையோ எண்டு பிறகு யோசிக்கிறன். முதல் பேணி வரட்டும்."

அறையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடியுமுன் நித்தியானந்தன் தொண்டையைச் செருமினார். இவ்வளவு கூட்டம் தன் படங்களை இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில் மனுசனுக்கு உண்மையான சந்தோஷம். "எங்கடை வீடு முடிஞ்சுது. இனி ஒவ்வொருத்தராய் உங்கடை வீட்டுக்கும் வாறன். அலுமாரியைத் திறந்து விட்டாக் காணும், எல்லாச் சாமானும் ஒரு கீறலும் விடாமக் கீறித் தருவன்" என்றார்.

மூன்று நிமிடத்தில் நூலகத்தில் ஒரு தமிழர் இல்லை. ஒருவருக்கு அடுப்பில் பருப்பு ஞாபகம் வந்தது. ஒருவருக்குக் கார் நிறுத்திய நேரம் முடிந்துவிட்டது, கார் நிறுத்த நேரக் கட்டுப்பாடே இல்லாத கிரின்ஸ்டெட்டில். பரமேஸ்வரி தன் தாம்பாளத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல் எல்லாருக்கும் முதல் ஓடினாள். அன்று பின்னேரம் மழை விட்டு வானம் வெளித்திருந்தும் யூலாந்து முழுக்கத் தமிழ் வீடுகளில் யன்னல் சீலைகளை இழுத்து மூடிவிட்டு, உள்ளே பெண்கள் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஒரு மாதத்துக்கு யாராவது கதவைத் தட்டி, பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு ஓடிப்போவது வழக்கமாயிற்று. நித்தியானந்தனை மட்டும் எந்த வீட்டிலும் குசினிக்குள் விடவில்லை.

குடம் உடனே வீட்டுக்கு வரவில்லை. தவமணி போய்க் கேட்டபோது கியர்ஸ்டன் மிகவும் வருந்தினாள், நிச்சயமாகத் தருவதாகச் சொன்னாள். ஆனால் புது மாணவர்கள் பத்துப் பேர் அதை வரையத் தொடங்கிவிட்டார்கள். வரைந்து முடியும்வரை அசைக்கக் கூடாது. ஆறு கிழமை.

ஆறு கிழமைக்குள் திரும்பவும் ஒரு பெட்டிக்குள் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? தவமணி காவலுக்கு இருப்பதற்காகவே வகுப்பில் பெயர் கொடுத்தாள். முதல் செவ்வாய்க்கிழமை உள்ளே போனால், குடத்துக்கு எதிரில் முன் வரிசையில் றீற்றம்மா குந்தியிருந்தாள். பிரெடெரிசியாவிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். மூன்று தரம் விளக்கிய மூக்குப்பேணி அவள் மேசையில், பென்சில்கள் போட்டபடி இருந்தது.

"நீ ஏன் வந்தனி?" என்றாள் தவமணி.

"குடம் திரும்பவும் காணாமற் போனா நான் எங்கை நிண்டனான் எண்டு பத்துப் பேருக்குத் தெரியவேணும். இரு."

தவமணி பக்கத்தில் இருந்தாள். தாளை விரித்தாள். ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் கீறினார்கள். தவமணியின் குடம் பூசணிக்காய் போல வந்தது. றீற்றம்மா எட்டிப் பார்த்தாள்.

"குடம் எப்பிடியும் போகட்டும். கழுத்திலை உன்ரை பேரை வடிவாய்ப் போடு. பிறகு இதையும் நான் எடுத்தனான் எண்டு சொல்லுவாய்."